நண்பருக்கு வந்த மயக்கம்

"இந்தக் கேள்விகள் உங்களுக்காகவா, வேறு ஒருவருக்காகவா?" என்று கம்ப்யூட்டர் கேட்டது. அந்த ஊர் பாஷையில் இருந்ததைப் படித்துத் தமிழில் சொன்னாள் பாப்பா.

"வேற ஒருத்தருக்கு," என்றார் டிரைவர். "எங்க டிப்போவுல ஒரு நண்பர். அவருக்குத்தான்."

அக்கா சிங்க் பக்கம் திரும்பிக்கொண்டாள். கழுவுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கழுவிக் கவிழ்த்த டம்ளரையே எடுத்து மறுபடியும் கழுவினாள்.

அந்த நண்பர் யார் என்பது போன வாரம் இந்தச் சமையலறையில் நம்மோடு இருந்தவர்களுக்குத் தெரியும். இப்போதுதான் உள்ளே வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புதன்கிழமை காலை, இதே இடத்தில், டீக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோது டிரைவர் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். ஜன்னலுக்கு வெளியே யாரோ கூப்பிட்டதுபோல் தலையை ஒரு பக்கமாகத் திருப்பினார். அப்படியே மரம் சாய்வதுபோல் சாய்ந்தார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. கடைவாயில் நுரையோடு ரத்தம் வந்தது. அவர் தலையை மடியில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அக்கா. கண் விழித்தவர் அவளை 'நீ யார்' என்பதுபோல் பார்த்தார். அந்தப் பார்வைதான் அவளை இன்றுவரை தூங்கவிடவில்லை.

தெளிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, பாப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்பது. கால் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிடு என்றார். அவளும் அப்படியே சொன்னாள்.

பாப்பா என்றதும் தொட்டில் பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். கல்லூரிக்குப் போகிற பெண். ஒரே பிள்ளை என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அக்கா என்பதும் அப்படித்தான். ஓட்டல் சலவை அறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட இருந்த ஒரே தமிழ்ப் பெண் அவளை 'அக்கா, அக்கா' என்று கூப்பிட, அதுதான் பெயர் என்று மேலாளர் நினைத்துச் சட்டையில் குத்தும் வில்லையில் அடித்துக் கொடுத்துவிட்டார். இப்போது அவளைவிடப் பத்து வயது மூத்த வெள்ளைக்காரியும் அவளுக்கு அக்கா என்றுதான் குரல் கொடுக்கிறாள்.

டிரைவர் விஷயம் வேறு. அந்தப் பட்டம் அவர் சம்பாதித்தது. இந்த நாட்டுக்கு வந்து கிடங்கில் மூட்டை தூக்கி, அடுத்தவர் வீட்டுச் சுவருக்கெல்லாம் பெயிண்ட் அடித்து, தெரியாத பாஷையில் பரீட்சை எழுதித் தோற்று, மறுபடி எழுதித் தோற்று, கடைசியில் நகரப் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். நீலச் சட்டையைத் தானேதான் இஸ்திரி போடுவார். இஸ்திரியே தொழிலாக இருக்கும் பெண்டாட்டியிடம்கூட அதைக் கொடுக்க மாட்டார். அந்த வேலையைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று பேருடைய விசாவும் நின்றுகொண்டிருந்தது.

டாக்டரிடம் போகலாம் என்று அக்கா புதன்கிழமையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். போனால் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவார்கள், ஏற்றினால் லைசென்ஸ் போய்விடும் என்று அவர் ஒரே பிடியாக நின்றார். சரி, கேள்வி கேட்டு நோயைச் சொல்கிற பக்கம் இருக்கிறதாமே, வீட்டுக் கம்ப்யூட்டரிலாவது பார்க்கலாமே என்று கெஞ்சி, இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அவரை மேஜைக்கு இழுத்து வந்திருக்கிறாள். அவளும் சும்மா இருக்கவில்லை. சலவை அறையில் மெஷின்கள் உறுமுகிற சத்தத்துக்கு நடுவே ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, மயக்கம் ஏன் வருகிறது என்று தமிழில் கேட்டுக் கேட்டு வீடியோக்களாகப் பார்த்தாள். ஒருவர் ரத்தம் குறைவு என்றார். ஒருவர் நரம்புத் தளர்ச்சி என்றார். இன்னொருவர் எல்லாம் வாயுக் கோளாறுதான் என்று சிரித்தார். மூவருமே கடைசியில் தங்கள் சேனலைத் தொடரச் சொன்னார்கள்.

மேஜையில் இன்னொருவரும் இருந்தார். சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த போனில், வேறொரு நாட்டிலிருந்து, அக்காவின் கொழுந்தன். செல்போன் கடையில் வேலை. உறவுக்காரர்கள் எல்லோருக்கும் காலை எழுந்ததும் ஒரு வைத்தியக் குறிப்பு அனுப்பாமல் பல் துலக்க மாட்டார். அதனால் குடும்பத்தில் அவருக்கு 'அரை டாக்டர்' என்று பெயர். அண்ணனின் நண்பருக்கு மயக்கம் என்று கேள்விப்பட்டதும் கடைக்குப் போகும் அவசரத்திலும் உட்கார்ந்துவிட்டார்.

பாப்பா ஒவ்வொரு கேள்வியாகப் படித்தாள். ஆணா, பெண்ணா. வயது என்ன.

"உங்க வயசு இருக்குமாப்பா அந்த அங்கிளுக்கு?"

"இருக்கும்."

சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று வரிசையாக வந்தது. எல்லாவற்றுக்கும் டிரைவர் டக் டக்கென்று பதில் சொன்னார். பஸ்ஸில் ஏறுகிறவன் கேட்கும் ஸ்டாப்புக்கு வழி சொல்வதுபோல அத்தனை நிதானம். எவ்வளவு நேரம் நினைவு இல்லாமல் இருந்தார் என்ற கேள்விக்கு, "கண்ணை மூடித் திறக்கிற நேரம்," என்றார். அக்காவின் கையில் டம்ளர் ஒரு கணம் நின்றது. அந்த நேரத்துக்குள் அடுப்பில் தண்ணீர் பாதி வற்றிப்போயிருந்தது அவளுக்குத்தான் தெரியும்.

"கை கால் உதறுச்சா?"

"அதெல்லாம் இல்ல."

"நாக்கைக் கடிச்சுக்கிட்டாரா?"

"நாக்கைப் போய் யாராவது கடிச்சுக்குவாங்களா?" என்றார் அவர். சொல்லும்போதே 'க' வரவேண்டிய இடத்தில் நாக்கு தடுக்கியது. புதன்கிழமையிலிருந்து அவர் காரம் தொடவில்லை. எதையும் தண்ணீர் விட்டுக் குழைத்து ஒரு பக்கமாக ஒதுக்கி விழுங்கிக்கொண்டிருந்தார். பாப்பா திரையிலிருந்து கண்ணை எடுத்து அப்பாவின் வாயைப் பார்த்தாள்.

அக்கா குழாயை மூடினாள்.

"கடிச்சுக்கிட்டார்," என்றாள். "உதறவும் செஞ்சுது. ரொம்ப நேரம்."

போனில் அரை டாக்டர், லைன் போய்விட்டதோ என்று 'ஹலோ, ஹலோ' என்று கூப்பிட்டுப் பார்த்தார்.

பாப்பா அழுவாள், கத்துவாள், ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பாள் என்றெல்லாம் அக்கா எதிர்பார்த்திருந்தாள். பாப்பாவோ நாற்காலியை மேஜைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொண்டாள். பிறகு, மெதுவாக, "வேற ஒருத்தருக்குன்னு போட்டிருக்கோம்ல, அதை மாத்தட்டுமாப்பா?" என்றாள்.

"அது இருக்கட்டும்," என்றார் டிரைவர். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

பாப்பா அம்மாவின் பதில்களைப் போட்டாள். திரை கொஞ்ச நேரம் வட்டமடித்தது. பிறகு மேலே ஒரு சிவப்புப் பட்டை வந்தது. அதன் கீழே எழுத்தாகக் கொட்டியிருந்தது.

அக்காவுக்கு அந்த எழுத்துகளில் பாதிதான் கூட்டிப் படிக்க வரும். அர்த்தம் அந்த அளவுகூடத் தெரியாது. ஆனால் மகளின் முகம் அவளுக்கு மனப்பாடம். பாப்பாவின் கண்கள் வரி வரியாகக் கீழே இறங்கின. இறங்க இறங்க உதடு மடிந்தது. அவள் வலது கை, இடது கைச் சட்டை நுனியைப் பிடித்து மணிக்கட்டுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டது. சின்ன வயதிலிருந்து பொய் சொல்லப் போகும்போதெல்லாம் அவள் அப்படித்தான் செய்வாள்.

"உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணுமாம்," என்றாள் பாப்பா. அதோடு நிறுத்திவிட்டாள்.

"அவ்வளவு நெறைய எழுதியிருக்கே. இவ்வளவுதானா?" என்று கேட்டாள் அக்கா.

"அதையேதான்மா வேற வேற மாதிரி சொல்லுது."

அக்கா மேலே கேட்கவில்லை. பெற்ற பிள்ளையின் நாக்கை நம்பித்தான் இந்த ஊரில் அவர்கள் குடியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் திட்டியதைக்கூடத் திட்டு வாங்கிய அவளே மொழிபெயர்த்துச் சொன்ன காலம் உண்டு. அப்போது டீச்சர் நீளமாகப் பேசினார், மகள் 'நல்லாப் படிக்கிறேனாம்' என்று சுருக்கமாக முடித்தாள். அதைச் சொல்லி எத்தனையோ முறை சிரித்திருக்கிறார்கள். இன்றைக்கு அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. எதை விட்டாள், எத்தனை வரியை விழுங்கினாள் என்று கேட்கவும் பயமாக இருந்தது, கேட்காமல் இருக்கவும் பயமாக இருந்தது.

என்ன நோயென்று போட்டிருக்கிறது என்று அரை டாக்டர் போனிலிருந்து கேட்டார். பாப்பா அந்த ஊர் வார்த்தையைச் சொல்லி, இதற்குத் தமிழில் என்னவென்று தனக்குத் தெரியவில்லை என்றாள். எழுத்தெழுத்தாக வாங்கிக்கொண்டு அவர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார்.

"வலிப்பு," என்றார். சொன்ன பிறகுதான், யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கும் உறைத்தது. "அப்படி ஒரு சந்தேகம்னுதான் போட்டிருக்கு. அப்படித்தான்னு போடல," என்று வழுக்கினார்.

"நம்ம வீட்டுல யாருக்கும் அது கிடையாது," என்றார் டிரைவர்.

"கிடையாதுண்ணே. கிடையவே கிடையாது." அரை டாக்டர் அந்தப் பேச்சை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு உடம்பில் உப்பு குறைந்தாலும் உதறும், தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தால் யாருக்குத்தான் உதறாது என்று ஒரு பாட்டம் பேசினார். பக்கத்தில் அவர் மனைவி, சும்மா இருங்க, டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க என்று முணுமுணுப்பது கேட்டது. அவர் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கடைக்கு நேரமாகிவிட்டது என்று லைனை வைத்தார்.

டிரைவர் எழுந்து ஜன்னல்வரை போனார். திரும்பி வந்து மகளின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"பாப்பா, முதல்லேர்ந்து போடு. நான் சொல்றபடி போடு."

"எதுக்குப்பா?"

"போடேன்."

பாப்பா அம்மாவைப் பார்த்தாள். அக்கா என்ன சொல்வாள்? ஒரு மனுஷனை நோயாளி என்று அவன் வீட்டிலேயே, அவன் பிள்ளைக்கு முன்னாலேயே எத்தனை முறைதான் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுபடியும் முதல் கேள்வி. வேறு ஒருவருக்காக. உதறியதா? இல்லை. நாக்கு? இல்லை. எவ்வளவு நேரம்? ஒரு கணம். அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார்? வெறும் வயிற்றில் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் குறைவாகக் குடிப்பவரா? ஆமாம். கேள்விக்குக் கேள்வி அவர் பதிலைச் செதுக்கிக் கொடுத்தார். பாப்பாவின் விரல் மட்டும் அழுத்தியது.

வட்டம் சுற்றி நின்றது. இந்தத் தடவை பச்சைப் பட்டை.

"என்ன போட்டிருக்கு?"

"நெறையத் தண்ணி குடிக்கணும். ஓய்வெடுக்கணும். திரும்ப வந்தா டாக்டரைப் பார்க்கணும்," என்று பாப்பா ஒன்று விடாமல் படித்தாள்.

டிரைவரின் முகம் தெளிந்தது. பரீட்சையில் தேறிய அன்றைக்கு இருந்த அதே முகம். அடுப்படிக்குப் போய் ஒரு பெரிய சொம்பு தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"அப்பா," என்றாள் பாப்பா. "நீங்க பொய் சொன்னா அதுவும் பொய்தான் சொல்லும்."

அவர் அது காதில் விழாததுபோல் நீலச் சட்டையை எடுக்கப் போய்விட்டார். அன்றைக்கு அவருக்குப் பிற்பகல் ஷிப்ட்.

இன்று ஒரு நாள் லீவு போடச் சொல்லிப் பார்த்தாள் அக்கா. காரணம் கேட்பார்களே என்றார். காய்ச்சல் என்று சொல்லுங்கள் என்றாள். நான் எதற்குப் பொய் சொல்ல வேண்டும் என்று கேட்டார், நிஜமாகவே. சட்டைக் காலரை நீவிவிட்டுக்கொண்டு, புதன்கிழமை நடந்தது நடந்துவிட்டது, வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் வண்டி ஓட்டினேனே, என்ன ஆகிவிட்டது என்றார். அவர் கிளம்பும்போது அக்கா அவர் பையில் இரண்டு தண்ணீர் பாட்டில் வைத்துக் கொடுத்தாள். அதைத்தான் அவளால் செய்ய முடிந்தது.

அவர் காலடி மாடிப்படியில் தேய்ந்ததும் பாப்பா லேப்டாப்பை அம்மா பக்கம் திருப்பினாள். சிவப்புப் பட்டையைத் திரும்ப வரவழைத்திருந்தாள். இப்போது வரிக்கு வரி சொன்னாள். வலிப்பாக இருக்கலாம். மூளையில் கட்டி இருந்தாலும் இந்த வயதில் முதல் தடவையாக இப்படி வரலாம். படம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். டாக்டர் பார்க்கும்வரை வண்டி ஓட்டக் கூடாது. கூடாது என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

அப்பா முன்னால் கட்டி என்ற வார்த்தையைச் சொல்ல வாய் வரவில்லை என்றாள். சொல்லியிருந்தால் போகாமல் இருந்திருப்பாரோ என்றும் அவளே கேட்டாள்.

"போயிருப்பார்," என்றாள் அக்கா. "நீ அதை நெனச்சுக் குமையாதே."

பாப்பா இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். லைசென்ஸ் கொடுக்கிற ஆபீஸின் பக்கம். ஒருவர் வண்டி ஓட்டுவது ஆபத்து என்று தெரிந்தால் வீட்டார் யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று போட்டிருப்பதைக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் இருக்க மாட்டார்கள், ஆனால் டிப்போவில் எப்போதும் ஆள் உண்டு என்றாள். அவள் விரல் போனின் மேல் இருந்தது.

அக்கா அந்தக் கையைப் பிடித்தாள். "வேணாம். அவர் வாயால சொல்லட்டும். பெத்த பொண்ணு காட்டிக் கொடுத்தான்னு ஆயிடும். நான் போய்ப் பேசறேன்."

"எங்க போய்மா?"

"அவர் வண்டிக்கு."

அவர் ஓட்டும் தடம் அவர்கள் தெரு முனையிலிருந்து நடக்கிற தூரத்தில் சந்தைத் திடலைத் தாண்டிப் போகும். அங்கே போய் நின்றாள் அக்கா. பஸ் வந்ததும், குழந்தை வண்டியைத் தூக்கத் திணறிய ஒரு பெண்ணுக்குக் கைகொடுப்பதுபோல் நடுக்கதவு வழியாக ஏறி, அவர் முதுகு தெரியும்படியான சீட்டில் உட்கார்ந்தாள். அவர் கவனிக்கவில்லை. கண்ணாடியில் அவர் நெற்றியும் புருவமும் தெரிந்தன.

இத்தனை வருஷத்தில் அவர் வண்டியில் அவள் பயணியாக ஏறியது அதுதான் முதல் தடவை. இவ்வளவு அழகாக ஓட்டுவாரா என்று தோன்றியது. வளைவில் நிற்கிறவர்கள் ஆடவில்லை. ஒரு வயதான மனிதர் உட்காரும்வரை வண்டியை எடுக்காமல் காத்திருந்தார். பந்து விளையாடப் போகிற பையன்கள் கும்பலாக ஏறிக் கூச்சல் போட்டபோதும் அவர் தோள் அசையவில்லை.

ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அக்காவுக்கு உயிர் போய் வந்தது. தலை ஒரு பக்கம் திரும்பினால் கண்ணாடியைத்தான் பார்க்கிறாரா, இல்லை வேறு எதையாவதா? கையைத் தூக்கினால் சொறிகிறாரா, இழுக்கிறதா? பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவர் சாய்ந்தால் என்ன செய்வாள்? எழுந்து ஓடி அவரைப் பிடிப்பாளா, ஸ்டியரிங்கைப் பிடிப்பாளா? பிரேக் எந்தக் காலுக்கு என்றுகூட அவளுக்குத் தெரியாது.

போனை வாயருகே வைத்துக்கொண்டு, பஸ் ஓடும்போது டிரைவருக்கு மயக்கம் வந்தால் எப்படி நிறுத்துவது என்று ரகசியமாகக் கேட்டாள். போனுக்குப் பாதிதான் கேட்டிருக்க வேண்டும். எங்கேயோ கடலுக்கு அப்பால் உள்ள ஒரு பஸ் நிறுத்தத்தின் கால அட்டவணையைக் காட்டியது. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டாள். இந்தத் தடவை சரியாகப் புரிந்துகொண்டு, கவிழ்ந்து கிடக்கும் பஸ்களின் படங்களாகக் கொண்டுவந்து கொட்டியது. அக்கா போனைக் குப்புறக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். முன் சீட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் குழந்தை, தன் வண்டிக்குள்ளிருந்து அவளைப் பார்த்துச் சிரித்தது. திரும்பச் சிரிக்க முடியவில்லை.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். கதவை மூடிவிட்டு, யாராவது எதையாவது மறந்துவிட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்க்க எழுந்து வந்தவர், அவளைக் கண்டு நின்றார்.

கோபப்படுவார் என்றுதான் நினைத்தாள். அவர் எதிர் சீட்டில் உட்கார்ந்தார். பயணிகள் உட்கார்கிற சீட்டில் நீலச் சட்டையோடு அவரைப் பார்க்க என்னவோபோல் இருந்தது.

"எங்கேருந்து ஏறினே?"

"சந்தையில."

"இவ்வளவு தூரமுமா?" என்று கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார். அவள் பேசுவதற்கு என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட நாக்கில் நிற்கவில்லை.

அவரே சொன்னார்.

"நேத்து ஒரு ஸ்டாப்பைக் காணோம்."

அக்காவுக்குப் புரியவில்லை.

"ஆஸ்பத்திரி ஸ்டாப்புல வண்டி எடுத்தேன். அது நெனப்பிருக்கு. அடுத்தது ஸ்கூல் ஸ்டாப். அது இல்ல. நடுவுல எதுவும் இல்ல. அதுக்கு அடுத்த ஸ்டாப்புல நிக்கிறேன். பின்னாடி ஒரு அம்மா கதவைத் தட்டுறாங்க, பெல் அடிச்சேனே, ஏன் நிறுத்தலைன்னு. நான் ஸாரி சொன்னேன்." அவர் இரண்டு உள்ளங்கைகளையும் தொடையில் தேய்த்தார். "நடுவுல ஒரு சிக்னல் இருக்கு. ஒரு கிராஸிங் இருக்கு. அதையெல்லாம் யாரு ஓட்டினது?"

அக்கா எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தொட்டால் உடைந்துவிடுவாரோ என்று தொடவில்லை. வெளியே திரும்பிப் போகிற ஜனங்கள் வரிசையில் சேரத் தொடங்கியிருந்தார்கள். ஒருவர் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

"நீ சொல்லு," என்றார் டிரைவர். "என்ன பண்ணலாம்?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. எந்த நாட்டுக்குப் போவது என்றுகூடக் கேட்டதில்லை. அவளுக்கோ சொல்லத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்.

"இனி ஓட்ட வேணாங்க."

அவர் தலையாட்டினார். அதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்து போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, கண்ட்ரோல் ரூமோடு பேசுகிற கருவியைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டயர் பஞ்சர் என்று சொல்ல அவருக்கு வார்த்தை தெரியும். வழியில் நெரிசல், பயணி குடித்துவிட்டுத் தகராறு, கதவு வேலை செய்யவில்லை, எல்லாவற்றுக்கும் அந்த ஊர் பாஷையில் வார்த்தை பழக்கியிருந்தார். இதற்கு இல்லை. காலையில் மகள் வாயில் கேட்ட அந்தச் சொல் எந்த எழுத்தில் தொடங்கியது என்றுகூட ஞாபகம் வரவில்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்றால் மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டச் சொல்வார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது என்பதை எந்த பாஷையில் சொன்னாலும் யார் வண்டியை நிறுத்துவார்கள்?

"பாப்பாவைக் கேளு," என்றார். "அந்த வார்த்தை என்னன்னு கேளு."

அக்கா போன் போட்டாள். பாப்பாவின் லைன் வேறொரு அழைப்பில் இருந்தது. மறுபடி போட்டாள். அதே சத்தம். மூன்றாவது தடவை போட்டபோது அவள் நெஞ்சில் ஏதோ தட்டியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இவ்வளவு நேரம், பாப்பா யாரோடு பேசுகிறாள்?

அவள் போனைக் காதிலிருந்து எடுப்பதற்குள், டிரைவர் கையிலிருந்த கருவி கரகரத்தது. அவருடைய வண்டி எண்ணைச் சொல்லி ஒரு பெண் குரல் கூப்பிட்டது. குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாக, விட்டு விட்டுப் பேசியது. அதில் ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியாமல் இல்லை. எஞ்சினை அணைக்கவும். சாவியை எடுத்துவிடவும். கதவைத் திறக்க வேண்டாம். அங்கேயே இருங்கள், ஆள் அனுப்பியிருக்கிறோம். உங்களுக்கு இப்போது உடம்பு எப்படி இருக்கிறது?

டிரைவர் கருவியை மெதுவாக அதன் கொக்கியில் மாட்டினார். எஞ்சினை அணைத்தார். வண்டி முழுக்க ஓடிக்கொண்டிருந்த ஒரு சின்ன நடுக்கம் நின்றுபோனது.

"நான் இன்னும் சொல்லவே இல்லையே," என்றார்.

வெளியே வரிசை நீண்டிருந்தது. யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"யாரு சொன்னது?"

"நான்தான்," என்றாள் அக்கா.